கண்ணுள் வினைஞர் மரபில் ஒரு பட்டறை: ஓவியர் சி. கொண்டையராஜுவும் கோவில்பட்டி தேவி ஆர்ட் ஸ்டூடியோவும்

முன்னுரை

மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் எனச் சுட்டுகிறது. பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் கண்டு மக்கள் தமக்குள் வினவியும் விளக்கியும் மகிழ்ந்த காட்சியைக் காட்டுகிறது. ஓவியத்தைப் போற்றிய இவ்விரு நூல்களும் அதனை எழுதியவர் பெயரைத் தரவில்லை. 20ஆம் நூற்றாண்டுத் தமிழர் இல்லங்களில் இடம்பெற்ற நாள்காட்டித் தெய்வப் படங்களின் நிலை இதனின் சற்றே வேறானது. அவற்றின் ஓரத்தில் ஓவியரின் பெயர் இருந்தது. ஆயினும் அதனைக் கருதிப் படித்தவர் சிலரே. அப்பெயர்களுள் முதன்மையானது சி. கொண்டையராஜு (1898-1976) என்பதாகும். அவருடைய வாழ்வின் வழியே, படைப்பு என்பது தனியொருவர் செயலா, பட்டறையின் செயலா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பயிற்சியும் துறவும்

சென்னை மயிலாப்பூரில் பிறந்த கொண்டையராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டரால் தொடங்கப்பெற்ற அப்பள்ளி, ஒளி, நிழல், தொலைவு ஆகியவற்றை அளவறிந்து தீட்டும் ஐரோப்பிய முறையைக் கற்பித்தது. பயிற்சிக்குப் பின்னர் அவர் உள்ளம் துறவை நாடியது. திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் அணுக்கத்தில் சில காலம் வாழ்ந்தார். பின்னாளில் அவர் தீட்டிய தெய்வ உருவங்களின் அமைதியை ஆராய்வோர் இக்காலப் பகுதியைக் கருதாமல் விடுதல் இயலாது.

நாடகத் திரைகள்

அதன்பின் அவர் நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியரானார். அரண்மனை, காடு, கோயில் மண்டபம் எனக் காட்சிக்கேற்ற பின்னணிகள் அன்றைய மேடைக்குத் தேவைப்பட்டன. கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் காட்சி விளங்க வேண்டும். திரைக்கு முன் நிற்கும் நடிகரைப் பின்னணி மறைத்துவிடவும் கூடாது. இவ்விரு கட்டுப்பாடுகளும் அவருடைய கைக்குப் பழக்கமாயின. 1940களின் தொடக்கத்தில் அவர் சார்ந்திருந்த குழு கலைந்தபோது, கோவில்பட்டியிலேயே தங்கினார். அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த அவ்வூர், 1986இல் உருவான தூத்துக்குடி மாவட்டத்தில் இன்று உள்ளது.

பட்டறையின் இயக்கம்

கோவில்பட்டியில் உருவான தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் ஒளிப்படம் எடுத்தல், அதற்குரிய பின்னணித் திரை எழுதுதல், தெய்வப் படம் தீட்டுதல் ஆகியன ஒருங்கே நிகழ்ந்தன. டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம் முதலிய மாணவர்கள் அங்கே உருவாயினர். அண்மையிலிருந்த சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்தபோது, நாள்காட்டிகளுக்கான மூல ஓவியங்கள் இப்பட்டறையிலிருந்து சென்றன. ஒரே மூலம் எண்ணற்ற படிகளாகி, கீழே ஏதேனும் ஒரு கடையின் பெயர் பொறிக்கப்பெற்று இல்லங்களை அடைந்தது.

மேடைப் பயிற்சி இப்படங்களில் தெளிவாகப் புலனாகிறது. தெய்வம் வழிபடுவோரை நேர்நோக்கி முன்னே நிற்க, தூண்களும் மலைகளும் நீர்நிலைகளும் திரைச்சீலைபோல் பின்னே விலகிச் செல்கின்றன. 1894இல் மும்பையில் அச்சகம் நிறுவிய இரவிவர்மா, புராண மாந்தரை மனித நிகழ்ச்சிகளினூடே காட்டினார். கொண்டையராஜுவோ அதே எண்ணெய் வண்ண மரபின் திரட்சியை ஏற்றுக்கொண்டு, உருவத்தைக் கருவறைக்குரிய நேர்நிலைக்குத் திருப்பினார். கதை சொல்லும் படம் இதனால் வணங்கும் படமாயிற்று.

கையொப்பச் சிக்கல்

கொண்டையராஜு, சுப்பையா ஆகிய இருவர் பெயரையும் இணைத்துத் தாங்கிய படங்கள் பல உள்ளன. இவற்றில் எக்கோடு ஆசிரியருடையது, எவ்வண்ணம் மாணவருடையது எனப் பிரிக்க முனைவது பட்டறையின் இயல்புக்குப் புறம்பானது. கோயிற் சிற்பத்தில் தலைமைத் தபதியும் உடன் பணிபுரிவோரும் ஓர் அளவு முறைக்கு உட்பட்டே இயங்குவர். தேவி ஆர்ட் ஸ்டூடியோவின் செயற்பாடு அதனை ஒத்தது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தபதியின் பெயர் பெரும்பாலும் பொறிக்கப்படுவதில்லை. இங்கோ மாணவர் பெயரும் ஆசிரியர் பெயருடன் அச்சேறியது. தனிமனிதப் புகழை முதன்மையாக்கிய நவீன ஓவிய உலகில் இது கருதத்தக்க மாற்றுநிலையாகும்.

அவர் பயின்ற அதே பள்ளியின் முதல்வராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். அம்மரபு கலை வரலாற்றில் இடம்பெற்றது. கோவில்பட்டி மரபு நெடுங்காலம் வணிகப் பொருளாகவே எண்ணப்பட்டது. மக்கள் அளித்த மதிப்பு வேறாயிருந்தது. ஆண்டு முடிந்ததும் நாள்தாள்கள் அகற்றப்பட்டன. படங்கள் சட்டமிடப்பெற்றுப் பூசையறையில் தொடர்ந்தன.

முடிவுரை

கொண்டையராஜுவின் பட்டறையில் ஓவியப் பள்ளி, துறவு, நாடக மேடை, ஒளிப்படம், அச்சகம் என்னும் ஐந்தும் ஒன்றாயின. படைப்பாற்றல் இவற்றின் கூட்டில் விளைந்தது என்பதே அவர் வாழ்வு காட்டும் உண்மை. அச்சிட்ட தாள் விரைவில் மங்கும் இயல்பினது. எனவே எஞ்சிய மூல ஓவியங்களையும் அச்சுப் படிகளையும் ஏட்டுச்சுவடிகளுக்குரிய அக்கறையுடன் தொகுத்துப் பட்டியலிடுதல் காலத்தின் தேவையாகும். தவறின், 20ஆம் நூற்றாண்டின் கண்ணுள் வினைஞரும் பெயரற்றோர் ஆவர்.