ஊரின் தாய் நானா அஸ்மா

எங்கள் வீட்டில் 'நானா' என்றால் மூத்த சகோதரர். அதனால் 'நானா அஸ்மா' என்ற பெயரை நான் வாசித்தபோது தங்கை சிரித்துவிட்டாள். ஆனால் மேற்கு ஆபிரிக்காவின் ஹவுஸா மக்களிடம் அது மதிப்புக்குரிய பெண்ணைக் குறிக்கும் சொல். அறிஞராகவும் கவிஞராகவும் ஆசிரியையாகவும் வாழ்ந்து, ஒரு பெரிய குடும்பத்துக்கும் ஓர் ஊருக்கும் தாயாக விளங்கியவர் நானா அஸ்மா அவர்கள்.

அவர் 1793 இல், இன்றைய நைஜீரியாவின் வடமேற்கிலுள்ள டெகல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை, மார்க்க அறிஞரான ஷெய்கு உஸ்மான் டான் ஃபோடியோ. அஸ்மாவுடன் இரட்டையராகப் பிறந்தவர் ஹஸன். ஹஸனோடு பிறந்த பெண்ணுக்கு ஹுஸைனா என்று பெயர் வைப்பதே அவ்வூர் வழக்கம். தந்தையோ மகளுக்கு அஸ்மா என்று பெயர் சூட்டினார். ஹிஜ்ரத்தின்போது குகையில் தங்கியிருந்த நபி (ஸல்) அவர்களுக்கும் தம் தந்தை அபூபக்கர் (ரழி) அவர்களுக்கும் உணவு கொண்டு சென்ற அஸ்மா (ரழி) அவர்களின் பெயர் அது.

இக்குடும்பத்தின் வரலாறும் ஒரு பயணத்திலேயே தொடங்குகிறது. இவர்களது முன்னோர் ஃபுலானி இனத்தவர். பல தலைமுறைகளுக்கு முன்பு, மூஸா ஜொக்கொல்லோ என்பவரின் தலைமையில், செனகல் ஆற்றை அண்டிய ஃபூட்டா டோரோவிலிருந்து புறப்பட்டுக் கிழக்கே ஹவுஸா நாட்டில் குடியேறினார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த சொத்து கல்வி. அதில் பெண்களுக்கும் பங்கு இருந்தது. ஷெய்குவின் தாயார் ஹவ்வாவும் பாட்டி ருகையாவும் கற்றறிந்த பெண்கள். சிறு வயதிலேயே தாய் மைமூனாவை இழந்த அஸ்மா, தந்தையிடமும் குடும்பத்துப் பெண்களிடமும் கற்று வளர்ந்தார். அரபு, ஃபுல்ஃபுல்டே, ஹவுஸா, தமாஷெக் ஆகிய 4 மொழிகளையும் அறிந்திருந்தார்.

1804 இல் கோபிர் அரசின் நெருக்கடியால் ஷெய்குவும் அவரைப் பின்பற்றியோரும் டெகலை விட்டு குடு என்ற இடத்துக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். அப்போது அஸ்மா பத்து வயதைக் கடந்த சிறுமி. தொடர்ந்து மூண்ட யுத்தம் 1808 வரை நீடித்தது. பின்னர் சொக்கோட்டோ புதிய தலைநகராயிற்று. 1817 இல் ஷெய்கு காலமானதும் சகோதரர் முஹம்மத் பெல்லோ ஆட்சிக்கு வந்தார். அஸ்மாவின் கணவர் கிடாடோ அவருக்கு வஸீராக, அதாவது முதலமைச்சராக இருந்தார்.

யுத்தம் முடிந்தாலும் அதன் காயம் ஆறவில்லை. விதவைகளும் அநாதைகளும் நிறைந்திருந்தார்கள். தோற்ற பக்கத்திலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்களும் அவர்கள் நடுவே இருந்தார்கள். இவர்களுக்கு மார்க்கத்தையும் வாழ்க்கைக்குத் தேவையான அறிவையும் யார் கற்பிப்பது? சிறு பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டை விட்டுத் தூரம் செல்ல முடியாது. கிராமங்களில் நூல்களும் இல்லை.

இதற்கு அஸ்மா கண்ட வழிதான் 1830 அளவில் உருவான 'யன் தாரு' என்ற பெண்கள் அமைப்பு. கிராமங்களிலிருந்து வயதான பெண்களும் மணமாகாத சிறுமியரும் கூட்டமாக நடந்து அவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'ஜாஜி' என்ற தலைவி இருந்தார். அவருக்கு ஓலைத் தொப்பி ஒன்றைக் கொடுத்து, அதில் சிவப்புத் துணி கட்டி அஸ்மா பொறுப்பை ஒப்படைப்பார். பாடங்களைப் பாட்டாக இயற்றி மனனம் செய்விப்பார். ஊர் திரும்பிய பெண்கள் அவற்றை மற்றப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த தானியம் முதலிய அன்பளிப்புகள் ஏழைகளுக்குச் சென்றன.

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் வளர்த்தது போலவே, அஸ்மாவும் ஹவுஸாவையும் ஃபுல்ஃபுல்டேயையும் அரபு எழுத்தில் எழுதினார். அவருடைய ஆக்கங்களில் 60 இற்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. பெல்லோவுக்கும் கணவருக்கும் இரங்கற்பா பாடியவர், அயலாரின் பிரசவத்துக்கு உதவிய, ஜனாஸாவைக் குளிப்பாட்டிய சாதாரணப் பெண்களுக்கும் பாடினார். அதனால்தான் அவர்களின் நற்செயல்கள் இன்றும் நமக்குத் தெரிகின்றன.

மக்கள் அவரை 'உவார் காரி', அதாவது ஊரின் தாய் என்று அழைத்தார்கள். 1864 இல் அவர் காலமானார். சொக்கோட்டோவில் தந்தையின் அடக்கத்தலத்துக்கு அருகில் நல்லடக்கம் செய்யப்பட்டார். வஸீர் குடும்பத்தார் அவரது கையெழுத்துப் பிரதிகளைப் பேணி வந்தார்கள். 1997 இல் அவை ஆங்கிலத்தில் தொகுப்பாக வெளிவந்தன.

இந்த வரலாற்றை வாசித்த பின் எங்கள் உம்மும்மாவிடம் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாத அவருக்கு எத்தனையோ மாலைகள் மனப்பாடம். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். தன் உம்மும்மா என்றார். அவருக்கு யார் சொல்லித் தந்தது என்பது வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. வாப்பாவின் பக்கத்தில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர்களைச் சொல்லக்கூடிய எங்களுக்கு, அந்தப் பெண்ணின் பெயர் கூடத் தெரியவில்லை.

ஒரு கொப்பியில் உம்மும்மா சொல்வதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

மாணவி, உயர்தரக் கலைப்பிரிவு