வங்கத்து வேங்கை

1923-ஆம் ஆண்டு. வங்க மாகாணத்தின் ஆளுநர் லிட்டன் பிரபு ஒரு கடிதம் தீட்டுகிறார். கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் பதவியை மீண்டும் தரத் தயார். ஆனால் சர்க்காரை எதிர்ப்பதை விட்டுவிட வேண்டும், இனி இணங்கி நடக்க வேண்டும் - இதுதான் கடிதத்தின் சாரம். பதவி வருகிறது, கூடவே வாய்ப்பூட்டும் வருகிறது!

பதில் பறந்தது. பூட்டோடு வரும் பதவி எனக்கு வேண்டாம் என்ற பதில்! ஏடுகளில் அது வெளிவந்தது, நாடு படித்தது, ஆளவந்தார் முகம் கறுத்தது.

யார் இந்த மனிதர்? சிறைக்கஞ்சாத் தியாகியா? தெருவிலே தீ மூட்டிய புரட்சிக்காரரா? இல்லை. வெள்ளை அரசு தந்த சர் பட்டத்தைத் தாங்கியவர். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி. பெயர் ஆசுதோஷ் முகர்ஜி. வங்க மக்கள் அவருக்கு இட்ட பெயர் வேங்கை!

1864-இல் கல்கத்தாவிலே ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். கணக்கென்றால் கரும்பு அவருக்கு. கல்லூரி மாணவனாக இருந்தபோதே அவருடைய கட்டுரை இங்கிலாந்தின் கணித ஏட்டிலே இடம் பெற்றது. 1885-இல் கணிதத்தில் எம்.ஏ.; அடுத்த ஆண்டே இயற்பியல் துறையிலும் எம்.ஏ. வாழ்நாளெல்லாம் ஆராய்ச்சியிலே கழிக்க ஆசை. ஆனால், வெள்ளையரோடு சமமாக அமர்ந்து ஆராய்ச்சி செய்ய அன்று இந்தியனுக்கு எங்கே இருந்தது நாற்காலி? ஆசையை அடக்கிக்கொண்டு சட்டத் துறைக்குச் சென்றார். வழக்கறிஞரானார், 1904-இல் நீதிபதியானார். தனக்கு அடைக்கப்பட்ட கதவைத் தன் பின்னே வருவோருக்குத் திறப்பது என்பதே அவருடைய வாழ்வின் வேலையாயிற்று.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களும் 1857-இல் தோன்றியவை. பெயர்தான் பெரிது. செய்த காரியம்? கேள்வித்தாள் அச்சிடுவது, விடைத்தாள் திருத்துவது, பட்டம் வழங்குவது! லண்டன் பல்கலைக் கழகத்தின் அன்றைய வடிவத்தைப் பார்த்து வார்த்தெடுத்த தேர்வுக் கூடங்கள் அவை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. புது அறிவு படைப்பது? அது எவருடைய வேலையுமல்ல!

1904-இல் கர்சான் பிரபு பல்கலைக் கழகச் சட்டம் கொண்டுவந்தார். கல்வியைச் சர்க்காரின் பிடிக்குள் கொண்டுவரும் சூழ்ச்சி என்று நாடு எதிர்த்தது. ஆனால், பல்கலைக் கழகங்கள் தாமே பாடம் நடத்தலாம், ஆராய்ச்சியை வளர்க்கலாம் என்ற இடமும் அதே சட்டத்திலே இருந்தது. 1906-இல் துணைவேந்தரான ஆசுதோஷ் அந்த இடத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். பூட்டு வாங்கி வந்தவன் சாவியையும் வைத்துவிட்டுப் போனான். சாவியை எடுத்தவர் இவர்!

பணம் வேண்டுமே! சர்க்கார் கை விரித்தது. தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞர் ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய்ச் சொத்தைக் கொடுத்தார். ராஷ்பிகாரி கோஷ் என்ற மற்றொரு வழக்கறிஞர் 1913-இல் 10 லட்சம் கொடுத்தார். பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே என்பது பாலித் விதித்த நிபந்தனை. 1914-இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

கட்டடம் எழுப்பக் கொத்தனார் போதும். கழகம் எழுப்ப ஆளறியும் கண் வேண்டும். அந்தக் கண் ஆசுதோஷுக்கு இருந்தது. பகலிலே சர்க்காரின் கணக்குத் துறையில் அதிகாரி. மாலையிலே பௌபஜார் தெருவிலுள்ள ஆய்வுக் கூடத்தில் ஒலியையும் ஒளியையும் துருவும் விஞ்ஞானி - இப்படி இரட்டை வாழ்வு நடத்திக்கொண்டிருந்தார் திருச்சியிலே பிறந்த இளைஞர் ஒருவர். கடல் கடந்து படித்தவரல்லர். ஆசுதோஷ் அழைத்தார். சம்பளம் குறையும் என்று தெரிந்தும் 1917-இல் பாலித் பேராசிரியரானார் அந்த இளைஞர். அவர்தான் சி.வி. ராமன்! 1928-இல் ராமன் விளைவு. 1930-இல் நோபல் பரிசு. அந்த ஆராய்ச்சியிலே தோள் கொடுத்த கே.எஸ். கிருஷ்ணனும் வத்திராயிருப்புத் தமிழர். அறிவு தேடிக் கல்கத்தா சென்றவர்.

டாக்கா அருகே ஒரு கிராமத்துச் சிறு கடைக்காரரின் மகன் மேகநாத் சாகா. சாதியின் பேரால் மாணவர் விடுதியிலே உடன் உண்ண மறுக்கப்பட்டவர். அவரையும், அவருடைய தோழர் சத்தியேந்திரநாத் போசையும் இளம் வயதிலேயே விரிவுரையாளர்களாக்கினார் ஆசுதோஷ். ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். 1920-இல் பல்கலைக் கழகமே வெளியிட்டது. அதே 1920-இல் விண்மீன்களின் வெப்பத்தை அளக்க வழிகாட்டும் சமன்பாட்டைச் சாகா உலகுக்கு அளித்தார். டாக்கா சென்ற போஸ் 1924-இல் எழுதிய கட்டுரை ஐன்ஸ்டீனையே வியக்க வைத்தது. பந்தியிலே இடமில்லை என்றனர் சாகாவுக்கு. விண்ணிலே இடம் பிடித்தார் அவர்!

அறிவியலோடு நின்றாரா? தத்துவத்துக்குத் திருத்தணியிலே பிறந்த ராதாகிருஷ்ணனை 1921-இல் அழைத்துக்கொண்டார். தாய்மொழிக்கு? ஆங்கிலமும் சமஸ்கிருதமுமே அரியணையில் வீற்றிருந்த காலம். வங்காளியில் எம்.ஏ.வா, என்று பண்டிதர் கூட்டம் முகம் சுளித்திருக்கும். 1919-இல் இந்திய மொழிகளுக்கு எம்.ஏ. வகுப்பைத் திறந்தார். சுனீதி குமார் சட்டர்ஜி வங்க மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து எழுதிய பெருநூலை 1926-இல் வெளியிட்டது அதே பல்கலைக் கழகம். வங்க மொழியிலே திராவிடத்தின் சுவடு உண்டு என்று எடுத்துரைத்த நூல் அது! தாய்மொழிக்கு வாயில் திறந்த பல்கலைக் கழகத்திலிருந்தே நம் மொழிக் குடும்பத்துக்கும் ஒரு சாட்சியம் வந்தது.

ஏட்டிலே மட்டுமா துணிவு? வீட்டிலும் காட்டினார். இளம் வயதிலே விதவையான தன் மகளுக்கு 1908-இல் மறுமணம் செய்து வைத்தார். வைதிகம் சீறிற்று, வேங்கை அசையவில்லை.

குறையே இல்லாதவரா? அல்லர். தேர்வுத் தரம் தளர்ந்தது என்றனர். துறைகளைப் பெருக்கிக் கடனையும் பெருக்கினார் என்றனர். எதிர்ப்பேச்சுப் பொறாதவர் என்றும் குறை கூறினர். பண நெருக்கடி உண்மை. ஆசிரியர்களின் சம்பளமே தள்ளாடிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் 1922-இல் சர்க்கார் இரண்டரை லட்சம் ரூபாயை நீட்டியது, நிபந்தனைகளோடு! கைப்பணமில்லாத ஆசிரியர்களின் நிலை ஒருபுறம், கழகத்தின் உரிமை மறுபுறம். பசி வந்தபோது எடுக்கும் முடிவல்லவா முடிவு? நிபந்தனைப் பணத்தைப் பல்கலைக் கழகப் பேரவை மறுத்தது. அடுத்த ஆண்டு வந்ததுதான் லிட்டனின் கடிதம்.

பதவி போயிற்று. நீதிபதி வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றார். ஒரு வழக்குக்காகப் பாட்னா சென்றவர், 1924 மே 25-இல் அங்கேயே கண் மூடினார். வயது 60 நிறையவில்லை. ராமன் பரிசு பெற்றதைக் காண அவர் இல்லை. சட்டர்ஜியின் நூலைப் புரட்டிப் பார்க்கவும் இல்லை.

விதைத்தவன் அறுவடைக்கு இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் விதைத்த முறையை நாம் மறக்கக் கூடாது. பல்கலைக் கழகத்தின் பெருமை, கோபுரத்தின் உயரத்திலே இல்லை. அச்சடித்த பட்டங்களின் எண்ணிக்கையிலும் இல்லை. நேற்றுவரை உலகம் அறியாத ஒன்றை இன்று அது சொன்னதா? சாதியும் ஊரும் பாராமல் ஆற்றலுக்கு இடம் தந்ததா? மக்கள் மொழியை மன்றத்தில் ஏற்றிற்றா? மானியம் தருபவனுக்கு மனச்சாட்சியை அடகு வைக்காமல் நின்றதா? கேட்க வேண்டிய கேள்விகள் இந்த நான்கே!

பணம் கொடுப்போர் வருவர், போவர். ஆளுநர்களும் அப்படியே. கடிதம் எழுதிய லிட்டனை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? பதில் எழுதியவரை நாம் நினைக்கிறோம்!