வாள்வீச்சுக்கு இசை தந்தவர்

திருச்சியை அடுத்த பிச்சாண்டார்கோவில்காரர் ஜி. இராமநாதன். முறையாகச் சங்கீதம் பயின்றவரல்லர். அண்ணன் சுந்தர பாகவதரின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துத் தேர்ந்தவர். குறையா அது? அல்ல என்கிறோம் நாம்!

1950-இல் வந்தது 'மந்திரிகுமாரி'. மனைவியைத் தள்ளிக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான் பார்த்திபன். நெஞ்சிலே நஞ்சு, பாட்டிலோ தேன்! முரசும் எக்காளமும் முழங்கியிருந்தால் மிரட்டல்தான் மிஞ்சியிருக்கும். இனிமையைத் தந்தார் இராமநாதன், கொட்டகை நடுங்கியது. கீழ்பென்னாத்தூரில் ஏர் பிடிக்கும் தோழனுக்கு இராகத்தின் பெயர் எதற்கு? மெட்டு போதும்.

பிறகு 'மதுரை வீரன்'. 1958-இல் 'உத்தமபுத்திரன்', அரண்மனைக் கதைக்குள்ளே மேல்நாட்டு ஆட்ட இசையையே புகுத்திவிட்டார், துணிச்சல்காரர்! 1960-இல் கெய்ரோ பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' இசைக்குப் பரிசு கிடைத்தது. மூன்றே ஆண்டுகள், 1963-இல் அந்த ஆர்மோனியம் ஓய்ந்தது.