செவிக்குள் ஓர் அலை

தொலைபேசியில் குரல் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் நாம் கருவியைத்தான் குறை கூறுவோம். ஜார்ஜ் வான் பெக்கசி நம் செவியைப் பற்றியும் சிந்தித்தார்.

பெக்கசி 1899ஆம் ஆண்டு ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டில் பிறந்தார். தந்தை அரசதந்திரி என்பதால் இளமையில் பல நாடுகளில் வாழ்ந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியலும் பின்னர்ப் புடாபெஸ்ட்டில் இயற்பியலும் பயின்றார். முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரி வறுமையில் வாடியது. நல்ல கருவிகள் இருந்த ஆய்வுக்கூடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று அஞ்சல் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடம். 1923ஆம் ஆண்டில் அவர் அங்கே பணியில் சேர்ந்தார்.

தொலைபேசியின் எந்தப் பகுதியை மேம்படுத்தினால் பயன் அதிகம் என்னும் கேள்வி அங்கே எழுந்தது. செவி எவ்வாறு கேட்கிறது என்பதை அறியாமல் இதற்கு விடை காண முடியாது எனப் பெக்கசி கருதினார். ஆனால், செவியைப் பற்றிய நூல்களில் உறுதியான விடை இல்லை.

நம் உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அது பட்டாணி அளவே இருக்கும். அதனுள் நீர்மம் நிறைந்திருக்கும். ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சவ்வும் இருக்கும். பியானோவின் கம்பிகளைப் போல, அச்சவ்வின் ஒவ்வோர் இழையும் தனக்குரிய ஒலிக்கு மட்டும் அதிர்கிறது என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்பே கூறியிருந்தார். அழகான விளக்கம்தான். ஆனால், அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

பெக்கசி பார்த்துவிட முடிவு செய்தார். இறந்தவர்களின் செவி எலும்புகளைப் பெற்று ஆராயத் தொடங்கினார். உட்செவியைச் சூழ்ந்துள்ள எலும்பு மிகவும் கடினமானது. உள்ளே இருக்கும் சவ்வோ மிகவும் மென்மையானது. கை சற்றுத் தவறினாலும் எல்லாம் வீணாகிவிடும். பட்டறையில் இருந்த துளையிடும் இயந்திரத்தை அவர் இதற்குப் பயன்படுத்தினார். காலையில் வேலைக்கு வந்த தொழிலாளர்கள் இயந்திரத்தின்மேல் எலும்புத்தூள் படிந்திருப்பதைக் கண்டு முகம் சுளித்தனர். அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது!

சவ்வு உலர்ந்துவிடாமல் இருக்க, எலும்பை நீருக்குள் வைத்தே திறந்தார். அதற்கேற்ற நுண்ணிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார். திறந்த செவிக்குள் வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டு விட்டு ஒளிரும் விளக்கின் வெளிச்சத்தில் நுண்ணோக்கி வழியே நோக்கினார். வேகமான அதிர்வும் அவ்வெளிச்சத்தில் மெதுவாக நகர்வதுபோல் தெரிந்தது.

அவர் கண்டது ஓர் அலை. கயிற்றின் ஒரு முனையை உதறினால் அலை மறுமுனையை நோக்கி ஓடுமல்லவா? அதுபோல, சவ்வின் தொடக்கத்தில் தோன்றிய அலை ஓடியது, ஓரிடத்தில் உயர்ந்தது, பிறகு அடங்கியது. கீச்சென்ற ஒலிக்கு அலை தொடக்கத்திலேயே உயர்ந்தது. தாழ்ந்த ஒலிக்கு அது நத்தைச் சுருளின் உச்சிவரை சென்றது. இக்கண்டுபிடிப்பை அவர் 1928ஆம் ஆண்டில் வெளியிட்டார். எலி முதல் யானைவரை பல உயிரினங்களின் செவிகளிலும் இதைச் சோதித்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946ஆம் ஆண்டில் தாய்நாட்டைவிட்டு சுவீடனுக்கும், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். கேட்பவரே பொத்தானை அழுத்தித் தம் கேட்கும் திறனைச் சோதிக்க உதவும் கருவியையும் உருவாக்கினார். 1961ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு, மருத்துவரல்லாத இவருக்குக் கிடைத்தது. 1966இல் ஹவாய்க்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார். 1972இல் அங்கேயே மறைந்தார்.

அவரது ஆய்வில் ஒரு குறை இருந்தது. அவர் பார்த்தவை உயிரற்ற செவிகள். அலை கண்ணுக்குத் தெரிய, மிக உரத்த ஒலியை எழுப்ப வேண்டியிருந்தது. அவர் கண்ட அலையின் முகடு அகன்றிருந்தது. நம் செவியோ மிக நெருங்கிய சுருதிகளையும் பிரித்தறிகிறது. உயிருள்ள செவியில் அலை இன்னும் கூர்மையாக உயர்வதைப் பின்வந்தோர் அளந்து கண்டனர். அங்குள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் தாமே அசைந்து மெல்லிய ஒலியையும் பெருக்குகின்றன. இறந்த செவியில் அச்செல்கள் அசைவதில்லை.