விடைபெற்ற பின்னும்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, இவ்வளவு தொலைவு சென்று என்னதான் படிக்கிறாய் என்று பாட்டி கேட்டார். முதுகலை வேதியியல் என்றேன். அப்படியென்றால் என்ன என்று மறுபடியும் கேட்டார். எனக்குத் தமிழில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் வரவில்லை. அந்த வெட்கத்தோடு இங்குத் திரும்பி, நூலகத்தில் தேடிப் படித்ததுதான் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் வரலாறு. அன்பர்களுள் சிலர் அறிந்திருக்கலாம், அறியாதவர்க்காக எழுதுகிறேன்.

கிறீன் 1822-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். மருத்துவம் கற்று, அமெரிக்க மிஷன் சார்பில் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவமனை தொடங்கி, இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பிக்கலானார். சமயம் பரப்பவே வந்தவர். அதை அவர் மறைத்ததில்லை. நோயாளிகள் மருந்தோடு பிரசங்கமும் கேட்டே திரும்பினர்.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் நகரத்தையும் நாடினார்கள். கிராமத்துப் பிணியாளனுக்கு வைத்தியர் இல்லை. (நம் விடுதியில் இதைப் படிப்போர் சற்றே நெளியலாம், நானும் நெளிந்தேன்.) இடையில் தாயகம் சென்று மணம் புரிந்து, 1862-இல் துணைவியார் மார்கரெட்டுடன் மீண்டும் வந்தார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவ வகுப்பு நடத்தினார்.

பாடநூல் வேண்டுமே? மாணவர்களைத் துணைக்கொண்டு அவரே ஆக்கினார். ஒரு சொல்லுக்குத் தமிழில் பெயர் உண்டா என்று பார்ப்பது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கொண்ட முறை. 1867-இல் 'இரண வைத்தியம்' வந்தது. 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' இரண்டும் வந்தன. அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேல்; ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

உழைப்பு உடலைத் தின்றது. 1873-இல் மனைவி மக்களோடு அவர் மானிப்பாயை விட்டுப் புறப்பட்டார். சபையார், மாணவர், நோயுற்றுத் தேறியவர் அனைவரையும் பிரிய வேண்டியதாயிற்று. தந்தைக்கு அது ஊர் திரும்புதல். பிள்ளைகளுக்கோ பிறந்த ஊரைப் பிரிதல். ஆண்டுதோறும் ரயிலடியில் கையசைக்கும் நமக்கு இது புரியாததன்று. ஆனால் நாம் விடுமுறைக்குத் திரும்புகிறோம். அவர்கள் திரும்பவில்லை.

இதன்பின் நடந்ததுதான் என்னைத் திகைக்க வைத்தது. வூஸ்டரில் இருந்தபடியே அவர் தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். கையெழுத்துப் படிகளும் திருத்தங்களும் கப்பலேறிக் கடல் கடந்தன. தந்தி ஓடினாலும் தாள்கள் வந்துசேர வாரக்கணக்கில் ஆன காலம் அது. 1875-இல் வேதியியல் நூல் ஒன்று வெளிவந்தது, பெயர் 'கெமிஸ்தம்'. பெயரைக் கண்டு முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. 150 ஆண்டுகளுக்கு முன், என் வயதொத்த ஒரு யாழ்ப்பாணத்து இளைஞன் அமிலத்தையும் உப்பையும் தன் பாட்டிக்கு விளக்கியிருக்கக்கூடும், என்னால் இயலவில்லை.

1883-இல் 'மனுஷ சுகரணம்', 1884-இல் 'இந்து பதார்த்த சாரம்'. அவர் எழுதியும் மேற்பார்த்தும் வெளிவந்த தமிழ் மருத்துவப் பக்கங்கள் 4,000-க்கும் மேல் என்பர். அந்த 1884-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே வூஸ்டரில் காலமானார். தம் கல்லறைக் கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். அதன்படி, பெயருக்கும் ஆண்டுகளுக்கும் கீழே, தமிழருக்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்ற செய்தி அதில் இருக்கிறது.