ஆசானாய் விளங்கிய ஆசாரிய பிரபுல்ல சந்திரர்

தென் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் வாங்க அங்கு வருவோருள் ஆசிரியத் தொழில் புரிவோரும் உளர். அவர்கள் சியால்தாவை அடைந்து வடக்கே செல்வாராயின், ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயின் பெயர் தாங்கிய நெடுஞ்சாலையைக் காண்பர். வகுப்பில் செம்மையுறப் பாடம் நடத்த விழையும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வாழ்வு அப்பெரியாருடையது.

இன்றைய வங்காள தேசத்திலுள்ள ராருளி என்னும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ரசாயனம் பயின்று 1887இல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு தாயகம் திரும்பிய அவருக்கு ஏறத்தாழ ஓராண்டு வேலை கிட்டவில்லை. 1889இல் பிரெசிடென்சிக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் உதவிப் பேராசிரியரானார். உயர்ந்த கல்வித் துறைப் பதவிகள் அந்நாளில் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியனவாயிருந்தன.

பட்டம் பெரிதாயினும், மாணவர் முன் நின்று சோதனைகளைச் செய்து காட்டிப் பழக்கமில்லை என்பதை அவர் உணர்ந்தார். அக்குறையை மறைக்கவும் முயலவில்லை. பதவியில் தம்மினும் தாழ்ந்தவராய், பரிசோதனைச் சாலையில் பணியாற்றிய சந்திரபூஷண் பாதுரியின் துணையை நாடினார். வகுப்பில் காட்டவேண்டிய சோதனைகளை இருவரும் முன்னரே செய்து பார்த்தனர். பிறருக்குக் கற்பிக்கப் புகுமுன் தாம் கற்க நாணாமையே அவர்தம் போதனையின் முதற்படியாயிற்று.

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த இளைஞருக்குப் பாடம் சொல்வதையே அவர் பெரிதும் விரும்பினார். இளம் உள்ளம் குயவன் கை மண்போன்றது. முதலில் பதிவதே நிலைக்கும் என்பது அவர் கருத்து. வாய்பாடுகளை அடுக்கிச் சலிப்பூட்டாமல் பிரீஸ்ட்லி, லவாசியே, டால்டன் ஆகியோரின் வரலாறுகளைப் பாடத்தோடு இணைத்துரைத்தார்.

ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. எலும்பை வெண்சாம்பலாகும்வரை எரித்து, அதில் சிறிதெடுத்துத் தம் வாயிலிட்டுக் காட்டுவார். எவ்விலங்கின் எலும்பாயினும், எரிந்தபின் எஞ்சுவது கால்சியம் பாஸ்பேட்டு முதலிய உப்பே, அதில் தீட்டேது? ஆசாரக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர் பலர் அமர்ந்திருந்த வகுப்பில், நீண்ட சொற்பொழிவு சாதிக்கவியலாததை ஒரு சிட்டிகைச் சாம்பல் சாதித்தது.

தீண்டாமையும் அறியாமையும் உடன்பிறப்புக்கள் என்பதை அவர் ஆராய்ந்தறிந்தார். 1902இலும் 1909இலும் இரு பகுதிகளாக வெளிவந்த இந்து ரசாயன வரலாற்றில், நாகார்ச்சுனர் பெயரால் வழங்கும் இரசவாத நூலையும் பௌத்தர்களின் இரசவாதப் பணியையும் எடுத்துக்காட்டினார்; கைத்தொழிலைச் சாதியால் இழிவுபடுத்தியதே பாரதத்தில் அறிவியல் தளர்ந்ததற்கு ஒரு காரணமென உரைத்தார். விடுதியில் சாதியின் பெயரால் இழிவுற்ற மேகநாத் சாகாவும், சத்தியேந்திரநாத் போசும், ஞான சந்திர கோஷும் அவரிடம் பயின்று உலகப் புகழ் எய்தினர்.

1916இல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்குச் சென்ற அவர், அறுபது வயது நிரம்பிய 1921 முதல் தம் ஊதியத்தைத் துறையின் வளர்ச்சிக்கே அளித்தார். 1936இல் ஓய்வு பெற்றார். மணவாழ்வை நாடாத அவர், அக்கல்லூரியிலேயே ஓர் அறையில் எளிமையாய் வாழ்ந்து, 1944 ஜூன் 16ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

ஆசிரிய அன்பர்களே! குரலும் சொல்வன்மையும் பழக்கத்தால் வருவன. நாளை வகுப்பிற்குச் செல்லுமுன் பாடத்தை ஒருமுறை செய்து பாருங்கள்; தெரியாததைத் தெரிந்தவரிடம், அவர் எந்நிலையினராயினும், கேளுங்கள்; கடைசி வரிசை மாணவனும் தன் கண்ணால் கண்டு தெளியுமாறு காட்டுங்கள். அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவே.