முடங்கிய கால்கள், முடங்காத நெஞ்சம்



நம் சபா மாநிலத்துக்கு அப்பால் கடலைத் தாண்டினால் பிலிப்பைன்ஸ் நாடு. அந்த நாட்டுப் பிள்ளைகள் படித்து வளரும் பெயர்களில் ஒன்று அப்போலினாரியோ மாபினி. இரண்டு கால்களும் விளங்காத இந்த மனிதரை, ஆபத்தானவர் என்று சொல்லி ஒரு வல்லரசு கடல் கடந்த தீவுக்கு அனுப்பியது என்றால் நம்புவீர்களா? கதையில்லை, வரலாறு!

மாபினி 1864ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், பத்தாங்காஸ் மாநிலத்தின் தனாவான் என்னும் ஊரில் பிறந்தார். அப்பா விவசாயி, எழுத்து வாசனை இல்லாதவர். அம்மா சந்தையில் வியாபாரம் செய்தார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். காசு இல்லை என்று மாபினி சும்மா இருந்துவிட்டாரா? இல்லவே இல்லை! மணிலாவுக்குப் போய், மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தாமும் படித்தார். மகன் பாதிரியார் ஆகவேண்டும் என்று தாய் ஆசைப்பட்டார். மகனோ ஏழைகளுக்காக வாதாட விரும்பி, 1894இல் சட்டப் பட்டம் பெற்றார்.

1896இல் இளம்பிள்ளை வாதம் அவருடைய கால்களைப் பறித்தது. அதே ஆண்டு ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகப் புரட்சி வெடித்தது. அரசு மாபினியையும் கைது செய்தது. நடக்க முடியாதவர் என்பதால் மருத்துவமனையில் காவலில் வைத்தது.

1898இல் ஸ்பெயினோடு அமெரிக்கா போர் தொடுத்தது. பிலிப்பைன்ஸ் புரட்சித் தலைவர் அகினால்டோ, மாபினியின் அறிவைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். எப்படி வருவது? ஊருக்கு ஊர் ஆள் மாற்றி, தூளியில் வைத்துத் தோளில் சுமந்து வந்தார்கள்! அந்த ஜூன் 12ஆம் நாள் விடுதலை அறிவிக்கப்பட்டது. 1899 ஜனவரியில் மாபினி நாட்டின் முதல் பிரதமர் ஆனார்.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? 1898 டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில் ஓர் ஒப்பந்தம். அதன்படி ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்து, 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டது. வீட்டுக்காரரைக் கேட்காமலே வீட்டை விற்ற கதைதான்! தானும் ஒரு காலத்தில் அந்நிய ஆட்சியை எதிர்த்து விடுதலை பெற்ற அமெரிக்கா, இன்னொருவர் விடுதலையை விலைக்கு வாங்கலாமா?

1899 பிப்ரவரி 4ஆம் நாள் போர் மூண்டது. மாபினியிடம் துப்பாக்கி இல்லை, பேனா இருந்தது. பதவி போன பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார். ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக ஓராண்டு கழித்து, அதே டிசம்பர் 10இல் அமெரிக்கப் படையிடம் பிடிபட்டார். பின்பு விடுவிக்கப்பட்டும் அமெரிக்க ஆட்சியை ஏற்க மறுத்ததால், 1901 ஜனவரியில் குவாம் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அங்கே அழுதுகொண்டிருந்தாரா? இல்லை. புரட்சியின் வரலாற்றை எழுதினார். எதிரியை மட்டுமா குறை சொன்னார்? தம் பக்கத்துத் தலைவர்களின் பதவி ஆசையையும், ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்ட கொடுமையையும் மறைக்காமல் எழுதினார். அகினால்டோவையும் விடவில்லை. இதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

1901இல் பிடிபட்ட அகினால்டோ அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துவிட்டார். 1902 ஜூலையில் போர் முடிந்ததாக அமெரிக்க அதிபர் அறிவித்தார். பிரமாணம் எடுத்தால்தான் சொந்த நாடு; இல்லாவிட்டால் வேறு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். மாபினி மறுத்தார். மாதங்கள் ஓடின; உடம்பு தளர்ந்தது. தாய்மண்ணிலேயே கண்மூட வேண்டும் என்ற ஏக்கம் அவரை வாட்டியது. கடைசியில் 1903 பிப்ரவரி 26இல் மணிலாவில் இறங்கிப் பிரமாணம் எடுத்தார். இதைத் தோல்வி என்பீர்களா? நீங்களே யோசித்துப் பாருங்கள். அதன் பின்பும் விடுதலைக் கருத்தை அவர் கைவிடவில்லை.

மூன்றே மாதத்துக்குள், மே 13ஆம் நாள், காலரா நோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 38தான்.

பிலிப்பைன்ஸ் 1946 ஜூலை 4இல் விடுதலை பெற்றது. 1962இல் தன் சுதந்திர தினத்தை, மாபினியின் காலத்து ஜூன் 12ஆம் நாளுக்கே மாற்றிக்கொண்டது.

மாணவர்களே! வறுமை, நோய், சிறை எதுவும் படித்த அறிவைப் பறிக்க முடியாது. அந்த அறிவைக் கொண்டு உண்மையைச் சொல்லுங்கள். தவறு நம்மவர் பக்கம் இருந்தாலும் துணிந்து சொல்லுங்கள்!